படத்தொகுப்பும் அடையாளக் குறிகளும்

நூலொன்றைக் கருத்தூன்றிக் கற்கும் மாணவன் வெறுங்கையோடு கற்பதில்லை. ஐயம் எழும் இடத்தில் பக்க ஓரத்தில் ஒரு வினாக்குறி, நெஞ்சைத் தொட்ட அடியின் கீழ் ஒரு கோடு, மீண்டும் காண வேண்டிய பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் என அடையாளமிட்டுக்கொண்டே செல்கிறான். தேர்வு நெருங்கும்போது அவனுக்குத் துணை நிற்பவை அவ்வடையாளங்களே. ஓடும் படத்தைத் தொகுப்பவருக்கும் அத்தகைய துணை ஒன்று உண்டு. அதுவே 'மார்க்கர்' எனப்படும் அடையாளக் குறி.

தேவை யாது?

முதிய நெசவாளர் ஒருவரை நேர்கண்டு மூன்று மணி நேரம் பதிவு செய்ததாகக் கொள்வோம். நொடிக்கு 25 படச்சட்டங்கள் என்னும் கணக்கில் அப்பதிவில் 2,70,000 படச்சட்டங்கள் உள்ளன. இவற்றிலிருந்து இருபது நிமிடப் படம் உருவாக வேண்டும். மறைந்த மனைவியைப் பற்றிக் கேட்டபோது அம்முதியவர் விடை கூறாமல் சில நொடிகள் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆயின், அது எந்த மணியில், எந்த நிமிடத்தில்? குறித்து வைக்காதவர் மூன்று மணி நேரத்தையும் மீண்டும் பார்த்தாக வேண்டும்.

அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. முதன்முறை காணும்போது உண்டாகும் உணர்ச்சி பத்தாம் முறை காணும்போது உண்டாவதில்லை. பழகிய கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே முதற்பார்வையிலேயே குறியிடுதல் இன்றியமையாதது.

படச்சுருள் காலத்தில்

இவ்வழக்கம் கணினி தந்ததன்று. படச்சுருளை வெட்டி ஒட்டிய நாளில் தொகுப்பாளர் மெழுகுப் பென்சிலால் படப்பிரதியின் மீதே கோடிட்டு, வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டினார். கிளாப் பலகையின் கட்டைகள் மோதும் படச்சட்டத்தில் ஒரு பெருக்கற்குறி; ஒலிநாடாவில் அவ்வோசை எழும் இடத்தில் மற்றொரு குறி. இரண்டையும் நேர்ப்படுத்தினால் உதட்டசைவும் சொல்லும் இசைந்துவிடும்.

1979ஆம் ஆண்டு வெளிவந்த 'அப்போகலிப்ஸ் நவ்' என்னும் அமெரிக்கப் படத்திற்காகத் தொகுப்பறைக்கு வந்த படச்சுருளின் நீளம் ஏறத்தாழ 12,50,000 அடி. ஓடும் நேரம் 230 மணிக்கு மேல். திரைக்கு வந்ததோ ஏறத்தாழ இரண்டரை மணி நேரமே. அதன் தொகுப்பாளர்களுள் ஒருவரான வால்ட்டர் மர்ச், காட்சிகளை முதன்முறை பார்க்கும்போதே மனத்தில் பட்டதைக் குறித்துக்கொள்பவர். தொகுக்கத் தொடங்குமுன் மீண்டும் பார்த்து வேறு குறிப்பு எடுப்பவர். கணினிவழித் தொகுக்கப்பெற்று, படத்தொகுப்புக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற முதற்படம் அவர் தொகுத்த 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' (1996) ஆகும். கருவி மாறியபோதும் அவர்தம் குறிப்பெடுக்கும் பழக்கம் மாறவில்லை.

கணினித் திரையில்

இன்றைய தொகுப்பு மென்பொருள்களில் காட்சித் துண்டுகள் 'டைம்லைன்' எனப்படும் காலக்கோட்டின் மீது இடமிருந்து வலமாக அடுக்கப்படுகின்றன. பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் புரோ ஆகிய மூன்றிலும் 'எம்' விசையை அழுத்தினால் குறி விழும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இதனைச் செய்யலாம். இட்ட குறிகள் யாவும் ஒரு பட்டியலில் தோன்றும். வேண்டியதைச் சொடுக்கினால் அவ்விடத்திற்கே சென்றுவிடலாம்.

நிறங்களுக்குரிய பொருளை முன்னரே வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. சிறந்த பகுதிக்குப் பச்சை, திருத்த வேண்டியதற்குச் சிவப்பு, பெயரும் ஆண்டும் சரிபார்க்க வேண்டிய இடத்திற்கு மஞ்சள் என அமைக்கலாம். குறியுடன் எழுதும் விளக்கமும் தெளிவாக இருத்தல் வேண்டும். 'நன்று' என்று மட்டும் எழுதினால் ஒரு திங்கள் கழித்து அதற்குப் பொருளிராது. 'மனைவி பற்றிய வினா, மௌனம், தறியைப் பார்க்கிறார்' என எழுதினால் என்றும் விளங்கும்.

எங்கே இடுவது?

தொடக்கநிலைத் தொகுப்பாளர் பலர் இடறும் இடம் இது. காலக்கோட்டில் இடும் குறி சாலையோர மைல்கல்லை ஒத்தது. காட்சித் துண்டின் மீது இடும் குறி வண்டியில் எழுதிய பெயரை ஒத்தது. படத்தின் முற்பகுதியில் பத்து நொடிகளை நீக்கி இடைவெளியை மூடினால் பின்னுள்ள காட்சிகள் முன்னே நகரும். துண்டின் குறி அதனுடனேயே செல்லும். காலக்கோட்டுக் குறியோ, உடன் நகருமாறு அமைத்தாலன்றி, நின்ற இடத்திலேயே நின்று வேறொரு காட்சியைச் சுட்டும். எனவே காட்சியின் உள்ளடக்கம் பற்றிய குறியைத் துண்டின் மீதும், படத்தின் மொத்த அமைப்பைப் பற்றிய குறியைக் காலக்கோட்டின் மீதும் இடுதல் தக்கது.

குறி மிகினும் தீங்கே. எல்லா வரியையும் அடிக்கோடிட்ட நூலில் எதுவும் தனித்துத் தெரியாது. பணி முடிந்த குறிகளை அவ்வப்போது நீக்குதல் வேண்டும்.

முடிவாக

பேச்சை எழுத்தாக்கித் தேடித் தரும் வசதி இன்று மென்பொருளிலேயே வந்துவிட்டது. பேசிய சொல்லை அது நொடியில் காட்டும். ஆயின் நெசவாளரின் அம்மௌனத்தில் சொல் ஏதுமில்லை. கண்டு நெகிழ்ந்தவர் குறித்தாலன்றி அது அகப்படாது. முதியோரின் பாடல்களையும் வழக்காறுகளையும் கைப்பேசியிலேயே பதிவு செய்யும் வாய்ப்புப் பெற்றவர்கள் இன்றைய தமிழ் மாணவர்கள். பதிவு செய்வதோடு பணி முடிந்துவிடாது. வீடு திரும்பிய அன்றே அமர்ந்து ஒருமுறை பார்த்துக் குறியிட்டு வைத்தால்தான், அம்முதியோர் மறைந்த பின்னும் அவர்தம் குரலை வேண்டும்போது எடுத்துக் கேட்க இயலும்.