கொத்தனாரின் கணக்கு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கொத்துவேலை. "பட்டப்படிப்புப் படிக்கும் எங்களுக்குக் கரண்டியும் தூக்குக்குண்டும் எதற்கு?" என்று உங்களுள் சிலர் நகைக்கலாம். நீங்கள் அமர்ந்திருக்கும் வகுப்பறையின் சுவர், கணக்குத் தெரிந்த ஒருவர் எழுப்பியது என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வையுங்கள்.

முதலில் செங்கல்லின் அளவைப் பார்ப்போம். சிந்துவெளி நகரங்களில் கிடைத்த செங்கற்களில் கனம், அகலம், நீளம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்னும் விகிதத்தில் அமைந்துள்ளன. இவ்விகிதத்தின் பயன் கட்டும்போதுதான் விளங்கும். இரண்டு அகலம் சேர்ந்து ஒரு நீளமாக அமைந்தால், ஒரு வரியில் கல்லை நீளவாட்டிலும் அடுத்த வரியில் குறுக்குவாட்டிலும் வைக்கலாம்; கீழ்வரியின் இணைப்பை மேல்வரியின் கல் மூடிவிடும். இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் வந்துவிட்டால், சுவர் அக்கோட்டிலேயே வெடிக்கும். இந்தியத் தரநிலை கூறும் கல்லின் அளவு 19 × 9 × 9 சென்டிமீட்டர். இரண்டு 9, நடுவே 1 சென்டிமீட்டர் சாந்து, கூட்டினால் 19. சாந்தையும் சேர்த்தே அளவு வகுத்திருக்கிறார்கள்.

ஆனால் நம் ஊர்ச் சூளைகளில் வேகும் கல் பெரும்பாலும் இந்த அளவில் இருப்பதில்லை. இங்கேதான் கொத்தனார்க்குத் துன்பம் தொடங்குகிறது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கொத்தனாராக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டினார். 30 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம், ஒரு கல் கனம். வீட்டுக்காரர் வாங்கிப் போட்டது 5,700 கல். வேலை முடிந்தபின் அவர் யாரிடமோ கேட்டுக் கணக்கிட்டு, "4,500 கல்தான் ஆகியிருக்க வேண்டும், மீதி 1,200 எங்கே?" என்று கேட்டுக் கூலி நிலுவையை நிறுத்திவிட்டார். திருட்டுப் பட்டம் ஊரில் பரவிற்று. கூலி போனாலும் மறுநாள் உழைத்து ஈட்டலாம். பெயர் போனால் அடுத்த வேலைக்கு எவர் அழைப்பார்?

"ஐயா, நான் ஒரு கல்லும் எடுக்கவில்லை, ஆனால் எப்படிச் சொல்லிக் காட்டுவது?" என்று என்னிடம் வந்தார். "தம்பி, சுவர் அங்கேயேதான் நிற்கிறது; அதையே கேட்போம், வா" என்று அளவுநாடாவுடன் சென்றோம். உடையாத கல் ஒன்றை அளந்தோம்: 21 × 10 × 6.5 சென்டிமீட்டர். சாந்தோடு சேர்த்தால் ஒரு வரியின் உயரம் 7.5 சென்டிமீட்டர். எனவே ஒன்றரை மீட்டருக்கு 20 வரிகள். வீட்டுக்காரரையே எண்ணச் சொன்னோம், 20 இருந்தன. நீளத்தில் 11 சென்டிமீட்டருக்கு ஒரு கல் வீதம் ஒரு வரிக்கு ஏறத்தாழ 273 கல். நீளவாட்டு வரியிலும் இதே எண்ணிக்கைதான். 22 சென்டிமீட்டருக்கு இரண்டு கல் அருகருகே படுக்கும். ஆக மொத்தம் 5,460. எஞ்சிய 240 உடைசலும் வெட்டும். நூற்றுக்கு நான்கைந்து அவ்வாறு போவது இயல்பே. வீட்டுக்காரர் கேட்டு வந்த 4,500, தரநிலைக் கல்லுக்குரிய கணக்கு: 15 வரி, வரிக்கு 300 கல். அவர் நிலுவையைக் கொடுத்துவிட்டார். சொன்ன சொல்லை மட்டும் திரும்பப் பெறவில்லை.

ஆகவே, வேலை தொடங்குமுன் ஒரு கல்லை அளந்து, கணக்கிட்டு, வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடுமாறு கொத்தனார்களுக்குச் சொல்வேன்.

அடுத்த வழக்கு, உப்புப் பூத்தல். புதுச்சுவரில் வெள்ளைப் பொடி படர்ந்தால் பழி கொத்தனார்மேல் விழுகிறது. மண்ணிலோ மணலிலோ நீரிலோ உள்ள உப்பு, சுவருக்குள் இருக்கும் ஈரத்தில் கரைந்து வெளியே வருகிறது, நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. அதன்மேல் உடனே பூசினால் பூச்சு பெயரும். உலர்ந்த தூரிகையால் தேய்த்தெடுத்து, ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும். கழுவுவது வீண், கரைந்த உப்பு மீண்டும் உள்ளே போகும். கல்லை முன்னரே சோதிக்க எளிய வழி உண்டு. தட்டில் இரண்டரை சென்டிமீட்டர் நீர் விட்டுக் கல்லை நிறுத்துங்கள். நீர் வற்றியதும் மறுமுறையும் விட்டு வற்றவிடுங்கள். கல்லின்மேல் வெண்மை படர்ந்தால் அச்சூளைக் கல் வேண்டா. இதனை நீங்களே பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கலாம்.

கல்லை நனைத்து வைப்பது ஏன்? உலர்ந்த கல், சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும். நீரின்றிச் சிமெண்டு இறுகாது, பொடியாக உதிரும். நீரில் இட்ட கல்லிலிருந்து குமிழிகள் எழுவது அடங்கும்வரை ஊறட்டும். ஆனால் சொட்டச் சொட்ட வைத்தால் கல் மிதந்து வரி நழுவும். நன்கு வெந்த கல் 24 மணி நேரம் ஊறினாலும் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் ஏற்பது ஆகாது. சிமெண்டு அரைமணி நேரத்துக்குப் பின் இறுகத் தொடங்கலாம். ஆதலின் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். உணவு வேளைக்கு முன் கலந்த சாந்தில் பிற்பகல் நீரூற்றிக் கிளறுவதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். எத்தனை சொன்னாலும் இப்பழக்கம் விடுவதில்லை! கட்டிய சுவருக்கு ஏழு நாளேனும் நீர் விடுதல் வேண்டும்.

கல்லைச் சிக்கனமாக்க லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டும் உண்டு. கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி உள்ளே வெற்றிடம் விடுவார்கள். கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். ஒரே சீரான கல் கிடைக்காத ஊரில் இதனைத் தொடுதல் கூடாது.

இனி ஒப்பந்தம். நாட்கூலியாயின் தொல்லை குறைவு. மொத்தமாகப் பேசினால் ஒரு தாள் எழுதியாக வேண்டும். கல், மணல், சிமெண்டு எவருடையவை, சாரம் கட்டும் செலவு எவருடையது, நீருக்கு எவர் பொறுப்பு என்பன அதில் இருக்கட்டும். பணத்தை அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை மட்டம் என்று படிப்படியாகப் பெறுவது இருவருக்கும் நல்லது. இடையில் "இங்கே ஓர் அலமாரி வையுங்கள்" என்று சொன்னால், அதன் கூலியை அன்றே அதே தாளில் சேர்க்க வேண்டும். 1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் ஏற்பட்டது. அதில் பதிந்துகொள்ளாத கொத்தனாரை நீங்கள் அறிந்திருந்தால், விண்ணப்பத்தை நிரப்ப உடன் அமர்ந்து உதவுங்கள்.