நனையாத குற்றாலம்!

சீசனில் குற்றாலம் போய் நனையாமல் திரும்பியவன் அநேகமாக நான் ஒருத்தன்தான். மெயினருவிக் கூட்டத்தை விட்டு விலகி, சித்திர சபைக்குள் நுழைந்துவிட்டேன். நடராஜரின் ஐந்து சபைகளில் இங்கே மட்டும் அவர் சிலையாக இல்லை, ஓவியமாக ஆடுகிறார். சுற்றிலும் சுவர் முழுக்கப் புராணக் கதைகள்!

சுண்ணாம்புச் சுவர் ஓவியத்துக்கு ஈரம்தான் எமன். உள்ளே ஊறிய தண்ணீர் உப்பை வெளியே தள்ளும். உப்புப் பூத்தால் வண்ணம் செதில் செதிலாக உதிரும். மியூசியப் பொருள் என்றால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். சுவரை எதில் வைத்துப் பூட்டுவது?

ஈரத் தலையோடு ஒரு பையன் சுவரைத் தொடப் போனான்.

"தொடாதலே!" என்றார் ஒரு பெரியவர்.

"சும்மா தொட்டுப் பாக்கான்..." என்றார் அப்பா.

"இவன் ஒருத்தன் தொட்டா ஒண்ணுமில்ல. வாரவன் எல்லாம் தொட்டா?"

பி.காம் படித்த எனக்குச் சுருக்கென்றது. தேய்மானக் கணக்கு என்றால் இதுதானே!

பக்கத்திலேயே தென்காசி. 15-ம் நூற்றாண்டில் காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுது பார்த்துக் காப்பவர்களை முன்கூட்டியே வணங்குவதாகக் கல்வெட்டில் எழுதி வைத்தான். சிதைந்து கிடந்த ராஜகோபுரம் 1990-ல் ஒன்பது நிலையோடு மறுபடி நிமிர்ந்தது.

ராஜாவே கும்பிட்டாச்சு. நாம் கோபுரமெல்லாம் கட்ட வேண்டாம் சார்... கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் போதும்!