புதுக் கார், குறைந்த மைலேஜ்: சந்தேகங்களும் விளக்கங்களும்

புதுக் கார் வாங்கிய வீடுகளில் முதல் மாதமே கிளம்பும் கேள்வி இது: “ஷோரூமில் 20 கொடுக்கும் என்றார்கள், எனக்கு 13தான் வருகிறதே?” மாதத் தவணையோடு பெட்ரோல் செலவையும் கூட்டிப் பார்த்து வாங்கிய குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மைலேஜ் 20 என்றால் செலவு 5,000 ரூபாய். 13 என்றால் ஏறத்தாழ 7,700 ரூபாய். இந்த 2,700 ரூபாய் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வாங்கியவருக்கு முழு உரிமை உண்டு.

கம்பெனி சொல்லும் மைலேஜ் பொய்யா?

பொய் அல்ல, ஆனால் அது சாலையில் எடுத்த கணக்கும் அல்ல. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையங்களில் காரின் சக்கரங்களை உருளைகள்மீது ஏற்றி, கார் நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். எந்த நொடியில் எந்த வேகம் என்பது திரையில் கோடாக ஓடும். ஓட்டுநர் அந்தக் கோட்டை விட்டு விலகாமல் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். புகைக்குழாயில் வரும் வாயுக்களை அளந்து, எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்று கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் வழக்கத்தில் உள்ள இந்த ஓட்டம் மொத்தம் 1,180 நொடி, அதாவது 20 நிமிடம்கூட இல்லை. தூரம் சுமார் 10.6 கிலோமீட்டர், உச்ச வேகம் 90. ஏ.சி. ஓடாது. மேம்பாலமும் இல்லை, பள்ளமும் இல்லை, பின்சீட்டில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இல்லை.

மாருதி எர்டிகா பெட்ரோல் மேனுவலுக்கு 20.51 என்ற எண் வந்தது இப்படித்தான். இரண்டு கார்களை ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண் நன்றாக உதவும், எல்லாக் கார்களுக்கும் ஒரே பரீட்சை என்பதால். உங்கள் தெருவில் என்ன கிடைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

அப்படியானால் எவ்வளவு வந்தால் சரி?

சான்றிதழில் 20 என்றிருக்கும் பெட்ரோல் காருக்கு, நெரிசலான நகரத்தில் 11 முதல் 14 வரையும், நெடுஞ்சாலையில் 80, 90-ல் நிதானமாகப் போனால் 16 முதல் 19 வரையும் கிடைப்பது வழக்கம். சென்னை பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கும்போது மைலேஜ் பூஜ்யம். பெட்ரோல் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார் இன்னும் குறைவாகத்தான் கொடுக்கும். இன்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். குளிர்ந்த இன்ஜின் கூடுதலாகக் குடிக்கும்.

நெடுஞ்சாலையில் மைலேஜைத் தின்பது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. மேலே கேரியர் வைத்துப் பெட்டி கட்டினால் இன்னும் மோசம்.

டேஷ்போர்டில் காட்டுவதை நம்பலாமா?

தோராயமாக நம்பலாம். பல கார்களில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். சரியான வழி டேங்க் ஃபுல் கணக்குதான். பங்கில் கன் தானாக கட்-ஆஃப் ஆகும்வரை போட்டு, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். பாதி டேங்குக்கு மேல் ஓட்டிய பிறகு, முடிந்தால் அதே பங்கில், அதே பம்பில், மறுபடி கட்-ஆஃப் வரை போடுங்கள். ஓடியது 436 கிலோமீட்டர், இப்போது பிடித்தது 29.4 லிட்டர் என்றால் மைலேஜ் 14.8. கட்-ஆஃப் ஆன பிறகு ‘ரவுண்டாக்க’ச் சொல்லி ஊற்ற வேண்டாம். கணக்கும் தப்பும், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரும் நனைந்து கெடும்.

நகரில் 10, நெடுஞ்சாலையில் 20 வந்தால் சராசரி 15 என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. நகரில் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர், நெடுஞ்சாலையில் 100-க்கு 5 லிட்டர். ஆக 200 கிலோமீட்டருக்கு 15 லிட்டர், சராசரி 13.3தான்.

எல்லாம் எத்தனால் கலப்பால்தானா?

ஒரு பங்கு அதனால்தான், முழுவதும் அல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் (இதுதான் இ-20), சுத்தமான பெட்ரோலைவிட ஆற்றல் 6, 7 சதவீதம் குறையும். இ-20-க்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று பெட்ரோலியத் துறை அமைச்சகமே 2025-ல் சொன்னது. அந்த உச்ச அளவையே எடுத்துக்கொண்டாலும் 20 என்பது 19-க்குச் சற்றுக் கீழே வரும், 13 ஆகாது. உங்கள் கார் இ-20-க்கு ஏற்றதா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கினால் மிச்சமா?

நகரத்தில் மெதுவாகப் போகும்போது மிச்சம்தான். நெடுஞ்சாலையில் கண்ணாடியை இறக்கினால் உள்ளே புகும் காற்று காரை இழுத்துப் பிடிக்கும், அங்கே ஏ.சி.யே மேல். சித்திரை வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏ.சி.யை முழு வேகத்தில் வைக்காமல், கதவுகளைத் திறந்து வெக்கையை வெளியேற்றிவிட்டுக் கிளம்புங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் வேர்க்கவிட்டுப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கவே வேண்டாம்.

மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடலாமா?

கூடவே கூடாது. இது உயிர் சம்பந்தப்பட்டது. ஏற்காட்டிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ நியூட்ரலில் இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காமல் போகலாம். அதில் மிச்சமும் இல்லை. இன்றைய இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் செல்வதே நின்றுவிடும். உடனடி மைலேஜ் காட்டும் பட்டை அப்போது உச்சிக்குப் போவதைப் பார்க்கலாம். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும்.

அதிகாலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமா? அளவில் சந்தேகம் வந்தால்?

பங்கின் தொட்டி பூமிக்கு அடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் அதன் வெப்பம் பெரிதாக மாறாது. அதிகாலையில் போடுவதில் சொல்லும்படியான லாபம் இல்லை. அளவில் சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் 5 லிட்டர் அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். அது வாடிக்கையாளரின் உரிமை. 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

வாங்கும் முன்பு என்ன கேட்க வேண்டும்?

நகர ஓட்டம் அதிகம் என்றால் ஹைபிரிட் எந்த வகை என்று கேளுங்கள். இன்னோவா ஹைகிராஸ் போன்ற ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்கள் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை பேட்டரியில் சேர்த்து, நெரிசலில் இன்ஜினை அணைத்துவிட்டும் ஓடும். மைல்டு ஹைபிரிட்டில் அந்த அளவுக்கு மிச்சம் வராது. அமெரிக்காவில் புதுக் காரின் கண்ணாடியிலேயே நகரத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று என இரண்டு எண்களை ஒட்டுகிறார்கள், ஏ.சி. ஓட்டமும் அந்தக் கணக்கில் சேரும். பல லட்சம் கொடுத்து வாங்கும் நம் குடும்பங்களுக்கும் அதே அளவு உண்மை கிடைக்க வேண்டும்.

எப்போது சர்வீஸ் சென்டரில் புகார் சொல்லலாம்?

முதல் சர்வீஸ் முடியட்டும். இரண்டு, மூன்றாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும். ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவின்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பிடியுங்கள். டேங்க் ஃபுல் கணக்கை மூன்று முறை எடுங்கள். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டியும் சான்றிதழ் எண்ணில் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை என்றால் காரில்தான் ஏதோ கோளாறு. பிரேக் இழுத்துப் பிடிக்கிறதா, வீல் அலைன்மென்ட் சரியா, ஆக்சிஜன் சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கணக்கையும் அவர்கள் பார்த்ததையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாரண்டி காலத்தில் வாய்ப்பேச்சு செல்லாது. எழுத்தில் இருப்பதுதான் செல்லும்.