எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின்: வீட்டார் கவனிக்க வேண்டியவை

லேப்ராஸ்கோப்பி முறையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலேயே நடந்து வீடு திரும்புகிறார். வயிற்றின் மீது நான்கைந்து சிறு தழும்புகள் மட்டுமே தெரிகின்றன. அவற்றைக் காணும் வீட்டார், நடந்தது ஒரு சிறிய சிகிச்சை என்றே எண்ணிவிடுகின்றனர். வெளியே உள்ள காயம் சிறியது. உள்ளே நடந்தது பெரிய அறுவை சிகிச்சை. இந்த வேறுபாட்டை முதலிலேயே விளக்கிவிட விரும்புகிறோம்.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் இத்தகைய சிகிச்சையின்போது இளைஞர் ஒருவர் உயிரிழந்ததும், சுகாதாரத் துறை அது குறித்து விசாரணை நடத்தியதும் செய்தித்தாள்களில் விரிவாக வந்தன. அதன் பின்னர் எங்களிடம் வருவோர் முதலில் கேட்பது உயிருக்கு ஆபத்து உண்டா என்பதே. கேட்க வேண்டிய கேள்விதான். அனுபவமிக்க மையங்களில் இறப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் உள்ளது. இது குறைவே; ஆயினும் இல்லை என்று நாங்கள் சொல்வதில்லை. அவசர நிலையைச் சமாளிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்பதை, கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்டறிவது நல்லது.

இன்று மிகுதியாகச் செய்யப்படும் ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலான பகுதி நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குழாய் போல ஆக்கப்படுகிறது. வெட்டிய ஓரம் முழுவதையும் ஸ்டேப்ளர் கருவியின் நுண்ணிய உலோக ஊசிகள் மூடுகின்றன. அந்த நீண்ட ஓரத்தில் எங்கேனும் ஓரிடம் ஆறாமல் போனால் இரைப்பையில் உள்ளவை வயிற்றறைக்குள் கசியும். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது நேரலாம். உணவுக்குழாய் இரைப்பையுடன் சேரும் மேற்பகுதியிலேயே கசிவு பெரும்பாலும் ஏற்படுகிறது. முதல் இரண்டு வாரங்களில், அதாவது நோயாளி வீட்டில் இருக்கும் நாட்களில், அது வெளிப்படுவதுண்டு என்பதே நம் கவலை.

வயிற்றுக்குள் கசிவு இருந்தால் வயிறு கல்லாக இறுகி, கடுமையாக வலிக்கும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். உடல் பருமன் உள்ளவரிடம் அவ்வாறு நிகழாமல் போகலாம். அவரிடம் முதலில் மாறுவது நாடித்துடிப்பு. படுத்து ஓய்வாக இருக்கும்போதும் அது நிமிடத்திற்கு 100-க்கு மேல் நீடித்தால் எங்களை அழையுங்கள். 120-ஐத் தொட்டால் அழைத்துவிட்டுக் காத்திராமல் புறப்படுங்கள். காய்ச்சல், மூச்சுத்திணறல், இனம்புரியாத பதற்றம் ஆகியவையும் உடன் வரலாம்.

இடது தோள்பட்டை வலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அறுவையின்போது வயிற்றுக்குள் செலுத்தப்படும் வாயுவால் முதல் இரண்டு மூன்று நாட்கள் தோள்பட்டை வலிப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் குறையும். குறைந்த வலி மீண்டும் வந்தாலோ, ஐந்தாம் ஆறாம் நாளில் புதிதாகத் தொடங்கினாலோ அதை வாயுப்பிடிப்பு என்று கருதி ஓமத் தண்ணீர் கொடுத்து இரவைக் கழிக்கக் கூடாது. உதரவிதானத்தின் அடியில் தேங்கும் சீழும் அதே தோளில்தான் வலியைக் காட்டும். சி.டி. ஸ்கேன் மூலம் பெரும்பாலும் இதைக் கண்டறியலாம். விரைவில் கண்டறிந்தால் குழாய் வைத்துச் சீழை வடித்து, ஸ்டென்ட் பொருத்தி ஆற்றிவிடலாம். தாமதித்தால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருக்க நேரிடும்.

ஏற்காட்டிலும் மலைக் கிராமங்களிலும் வாழ்வோருக்கு ஒரு வேண்டுகோள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை நள்ளிரவில் இறங்கி வருவது எளிதன்று. மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடுவதும் உண்டு. எனவே முதல் இரண்டு வாரங்கள் அடிவாரத்திலோ சேலத்திலோ உறவினர் வீட்டில் தங்குமாறு நாங்கள் சொல்கிறோம். தோட்ட வேலைக்கு விடுப்பு கிடைக்காது என்று சிலர் தயங்குவர். அவ்வாறெனில் சிகிச்சை நாளையே தள்ளி வைத்துக்கொள்ளலாம். இது ஒரே நாளில் செய்தே ஆக வேண்டிய அறுவை அன்று.

காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், திடீர் மூச்சிரைப்பு ஆகியவை இரத்தக்கட்டியின் அடையாளங்கள். இவற்றுக்கு 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். அறுவைக்குப் பின் படுத்தே கிடக்காமல் நடக்கச் சொல்வது இதற்காகவே. இரத்த வாந்தியும் கருநிற மலமும் உடனே காட்ட வேண்டியவை. விரைவாக எடை குறைவோருக்குப் பித்தப்பைக் கற்கள் உருவாவது பின்னர் வரும் தொல்லை.

பலர் அறியாத ஓர் ஆபத்து வாந்தியில் உள்ளது. நீர் ஆகாரம் மட்டும் உண்ண வேண்டிய நாட்களில், "ஒரு இட்லி சாப்பிட்டால் என்ன?" என்று அன்போடு ஊட்டிவிடுவதால் வரும் வாந்தி ஒருவகை, அது உணவை மாற்றினால் நின்றுவிடும். நில்லாமல் நாட்கணக்கில் தொடரும் வாந்தி வேறு. அதனால் வைட்டமின் பி1 தீர்ந்துபோய், பார்வை இரட்டையாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம், குழப்பமான பேச்சு ஆகியவை தோன்றும். இந்நிலையில் களைப்புக்காக வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைப் பாதிப்பு மேலும் கடுமையாகலாம். முதலில் பி1 ஊசி, அதன் பின்னரே குளுக்கோஸ் என்பதை அருகிலுள்ள மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பைபாஸ் வகை சிகிச்சை செய்துகொண்டோருக்கு மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளக்கூடும். விட்டுவிட்டு வரும் வயிற்று வலியை அவர்கள் அல்சர் என்று முடிவுகட்டி மாத்திரை வாங்கி உண்ண வேண்டாம். மூட்டுவலிக்கான மாத்திரைகளையும் எங்களைக் கேட்காமல் உண்ணக் கூடாது. அவை இணைப்புப் பகுதியில் புண்ணை உண்டாக்கும்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் படமெடுத்து நோயாளியின் கைப்பேசியிலும் வீட்டார் இருவரின் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் அதை முதலில் காட்டுங்கள். மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தும் முன் எங்களை அழைக்குமாறு அதன் மேற்பகுதியில் எழுதித் தருகிறோம். பார்க்காமல் செலுத்தும் குழாய் புதிதாக ஆறிவரும் ஓரத்தைத் துளைத்துவிடக்கூடும்.