முளைப்பாரி கற்பிக்கும் விதைப் பாடம்

ஆடி பிறந்துவிட்டால் அம்மன் ஆலயங்களில் காப்புக் கட்டுதலும் கூழ் வார்த்தலும் தொடங்கிவிடும். குலவை ஒலி முழங்க, பெண்கள் முளைப்பாரியைத் தலையில் சுமந்து வரும் காட்சி கண்கொள்ளாதது. அந்த ஊர்வலத்தில் பக்தியோடு முன்னோரின் வேளாண் அறிவும் சேர்ந்தே நடந்து வருகிறது.

மண்சட்டியின் அடியில் வைக்கோல் பரப்பி, மண்ணும் பொடித்த சாண எருவும் இட்டு, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை முதலியவற்றைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைப்பர். நாள்தோறும் நீர் தெளித்துக் கும்மியடிப்பர். ஒளி கிட்டாமையால் முளைகள் வெளிர்மஞ்சளாய் நெடுநெடுவென வளரும். விழா நிறைவில் அவை நீர்நிலையில் கரைக்கப்படும்.

பெருங்கோயில்களிலும் இம்மரபு உண்டு. பிரம்மோற்சவத்திற்கு முன் புற்றுமண் எடுத்துவந்து, பாலிகைகளில் நவதானியம் விதைப்பதை அங்குரார்ப்பணம் என்பர். பயிர்களுக்கு அதிபதி சந்திரன் என்பதால் இது இரவில் நிகழ்கிறது. திருமண இல்லங்களில் பாலிகை தெளிப்பதும் இதன் தொடர்ச்சியே.

பழி யாருக்கு?

முளைப்பாரி செழித்தால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை மனத்திற்கு உரமூட்டுவது. ஆனால், முளை குன்றினால் வளர்த்த பெண்ணின் விரதத்தில் குறை காண்போரும் உளர். இது தகாது. முற்காலத்தில் அவரவர் வீட்டுக் குதிரிலிருந்த தானியமே முளைப்பாரிக்கு வந்தது. எந்த வீட்டு விதை வீரியமானது என்பதை ஊரே கண்டறிந்தது. இன்று கடையில் வாங்கும் பயறு எத்தனை ஆண்டுப் பழையது, எந்த வெப்பத்தில் கிடந்தது என எவர் அறிவார்? முளை குன்றினால் அது விதையின் குறை. நீர் மிகுந்ததன் விளைவாகவும் இருக்கலாம். விரதமிருந்த பெண்ணைக் கண்கலங்க வைப்பதை அன்னை விரும்புவாளா?

இல்லத்திலும் சோதிக்கலாம்

வீட்டுத் தோட்டம் போட விழைவோர் முளைப்பாரியின் வழியையே பின்பற்றலாம். பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து வைத்து, காயாமல் நீர் தெளித்து வரவேண்டும். வெண்டை நான்கைந்து நாள்களில் முளைக்கும். கத்தரியும் மிளகாயும் பத்து நாள் வரை எடுத்துக்கொள்ளும். விதைச் சான்றளிப்பு விதிகளின்படி தக்காளி, கத்தரிக்கு 70 விழுக்காடும், வெண்டைக்கு 65 விழுக்காடும், மிளகாய்க்கு 60 விழுக்காடும் முளைப்புத்திறன் இருத்தல் வேண்டும். பத்தில் ஐந்துக்கும் குறைவாக முளைத்தால் வேறு விதை தேடுவதே நன்று.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை நாற்றுவிட்டு நடவேண்டும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த தட்டில், விதையின் பருமனைப்போல் இருமடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும். நீர் தேங்கினால் நாற்றழுகல் நோய் தாக்கும். முளைத்ததும் தட்டை வெயிலுக்குக் கொணர்தல் அவசியம். இருட்டில் நின்றால் முளைப்பாரியைப்போலவே தண்டு நலிந்து சாயும். தக்காளியை 25 நாள்களிலும், கத்தரியை 30 முதல் 35 நாள்களிலும் எடுத்து நடலாம். வெண்டை, கொத்தவரை, அவரை, பாகல், புடலை ஆகியவற்றை நேரடியாகவே ஊன்றவேண்டும். பாகல் விதையின் தோல் கடினமானது. இரவு முழுதும் ஊறவைப்பது நலம்.

பண்டிகைகளே நாள்காட்டி

ஆடிப்பெருக்கன்று விதைத்தால் ஆவணி முடியுமுன்பே கீரை கைக்கு வரும். புரட்டாசி விரதத்திற்கு வெண்டைக்காய் கிடைக்கும். ஐப்பசி மழைக்குமுன் நாற்றுகள் வேரூன்றிவிடவேண்டும். தீபாவளியையொட்டிக் கத்தரி காய்க்கத் தொடங்கும். அவரை மட்டும் பொறுமையைச் சோதிக்கும். பகல் குறுகும் காலத்தில்தான் நாட்டு அவரை பூக்கும் என்பதால், ஆடியில் ஊன்றிய கொடி மார்கழி, தை மாதங்களில்தான் குலுங்கும். பொங்கல் கூட்டுக்கு அதுவே சிறப்பு.

குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் படும் இடத்தைத் தேர்ந்து, கொடிப்பந்தலை வடபுறம் அமைத்தால் அதன் நிழல் சிறு செடிகள்மீது விழாது. வெண்டையை ஒரே நாளில் விதைக்காமல் பாதியை இப்போதும் மீதியை இருபது நாள் கழித்தும் ஊன்றினால், காய் தொடர்ந்து கிடைக்கும்.

முதலை உண்ணலாகாது

ஒவ்வொரு வகையிலும் திடமான ஒரு செடியில் முதிர்ந்த காய்களை விதைக்கென விட்டுவைக்கவேண்டும். விளைச்சல் வட்டியைப் போன்றது, விதையே முதல். வட்டியை உண்ணலாம், முதலில் கைவைக்கலாகாது. வீரிய ஒட்டு இரகத்தின் விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தராது. ஆதலால் நாட்டு விதையே சேமிப்பிற்கு ஏற்றது. நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வைத்தால் அடுத்த ஆடிக்கு உதவும்.

நெடிய வறட்சியில் உலகம் வாடியபோது, தன் திருமேனியிலிருந்தே காய்கனிகளைத் தோற்றுவித்து உயிர்களைக் காத்தவள் சாகம்பரி. ஆடியில் பல ஆலயங்களில் காய்கறி அலங்காரத்தில் அவள் காட்சி தருகிறாள். அடுத்த ஆண்டு அந்த அலங்காரத்தில் நம் தோட்டத்துக் காய் ஒன்றும், முளைப்பாரிச் சட்டியில் நம் வீட்டு விதை ஒரு பிடியும் இடம்பெறட்டும். அன்னை மனமுவந்து ஏற்பாள்.