கம்ப்யூட்டரில் ஸ்போர்ட்ஸ் கார் செய்யலாம்!

தளவாய்புரத்தில் நைட்டி தைத்து அனுப்பும் நண்பர் ஒருவர் மகனுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். பையன் முதல் வேலையாக ஒரு கார் படத்தை டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டான். தரையை ஒட்டிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். புடைத்த மட்கார்டு, பின்னால் பலகை போல ஸ்பாய்லர். "நம்ம பழைய காரையும் இப்படி மாத்திரலாம்ப்பா" என்கிறானாம். இந்த போட்டோவை எந்த ஊரில் எடுத்திருப்பார்கள் என்று நண்பர் என்னிடம் கேட்டார். எந்த ஊரிலும் எடுக்கவில்லை. அப்படி ஒரு காரே கிடையாது!

இதற்கு ரெண்டரிங் என்று பெயர். காரின் வடிவத்தை முப்பரிமாணத்தில் அமைத்து, விளக்கு எங்கே, கேமரா எங்கே என்று சொல்லிவிட்டால், ஒளி எங்கே பட்டு எப்படித் திரும்பும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுப் படமாகத் தந்துவிடும்.

திரையோடு நின்றுவிட்ட நிஜ கம்பெனி கார்களும் உண்டு. டாடா மோட்டார்ஸ் 2017 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ரேசிமோ என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டியது. 1.2 லிட்டர் டர்போ என்ஜின், 190 குதிரைத் திறன். ஃபோர்ஸா ஹொரைஸன் 3 கம்ப்யூட்டர் கேமிலும் அது இடம்பெற்றது. கேமில் ஓட்டியவர்கள் உண்டு. ஷோரூமில் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை, திட்டமே கைவிடப்பட்டது.

நீங்களும் செய்து பார்க்க பிளெண்டர் என்ற புரோகிராம் போதும். 2002-இல் இருந்து இது இலவசம்; திருட்டு சிடி தேவையில்லை. குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும். காரில் பாதியை மட்டும் செய்யுங்கள். மிர்ரர் என்ற வசதி மறுபாதியைத் தானே போட்டுவிடும். மட்கார்டைப் புடைக்க வைக்க, அந்த இடத்துப் புள்ளிகளைப் பிடித்து வெளியே இழுத்தால் ஆயிற்று.

ஸ்டிக்கர் ஒட்டுவதில்தான் பலரும் திணறுவார்கள். வளைந்த பாடியைத் தட்டையாக விரித்தால்தான் அதன் மேல் படம் வரைய முடியும். எங்கே வெட்டி விரிப்பது என்று காட்டும் கட்டளைக்கு மார்க் சீம் என்று பெயர். சீம் என்றால் தையல்! நைட்டிக்குத் துணி வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நண்பர் மகனுக்கு இதைப் புரிய வைத்தது அவன் அம்மாதான்.

கடைசியில் எஃப்12 அழுத்தினால் ரெண்டர் தொடங்கும். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஒரே படத்துக்கு மணிக்கணக்கில்கூட ஆகலாம். பாதியில் கரண்ட் போனால் முதலில் இருந்துதான். எனவே ஃபைலை சேவ் செய்துவிட்டுத் தொடங்குங்கள். சாம்பிள் எண்ணிக்கையைக் குறைத்தால் படம் சீக்கிரம் வரும். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான்.

படத்தைக் காட்டி, "இதே மாதிரி செய்து தருகிறோம்" என்று அட்வான்ஸ் கேட்பவர்களிடம் மட்டும் உஷார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. திரையில் எத்தனை இஞ்ச் புடைத்தாலும் ஆர்.டி.ஓ. கேட்கமாட்டார்.

நண்பரின் பழைய கார் வாசலில் அப்படியே நிற்கிறது. பையன் இதுவரை ஒரு சக்கரம் முடித்திருக்கிறான்.