ஒரே ஒரு குதிரை... ஆட்டம் க்ளோஸ்!

எக்ஸாம் ஹாலை விட்டு வெளியே வந்த அடுத்த நிமிஷமே சரியான பதில் ஞாபகத்துக்கு வந்து, 'அடச்சே!'னு தலையில அடிச்சுக்கிட்ட அனுபவம் உண்டா? கவலையை விடுங்க பாஸ். நம்ம லயோலாவுல பி.காம் படிச்ச ஒருத்தருக்கு, உலகமே பார்த்துக்கிட்டிருக்கும்போது அது நடந்திருக்கு. அவர்... விஸ்வநாதன் ஆனந்த்!

2013 நவம்பர் 21. தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சி. உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் ஒன்பதாவது ஆட்டம். சாம்பியன் ஆனந்துக்கு வயசு 43. எதிரே, நார்வேயின் 22 வயசு கார்ல்சன். மொத்தம் 12 ஆட்டத்தில் எட்டு முடிந்து, கார்ல்சன் 5-3 என முன்னிலை.

அதுவரை வெள்ளைக் காயில் ஆடிய நாலு ஆட்டத்திலும் ராஜாவின் சிப்பாயை முதலில் நகர்த்திய ஆனந்த், அன்னிக்கு ராணியின் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினார். டிரா போதாது, ஜெயிச்சே ஆகணும்! சிப்பாய்களை வரிசையா ஏவி, தன் ராணியை கார்ல்சனின் ராஜா வாசலிலேயே நிறுத்திட்டார். யானையும் ஓரத்துக்கு வந்துட்டா, அடுத்தது மேட்தான். கார்ல்சனோ மறுபக்கம் ஒரு சிப்பாயை ஓட்டிக்கிட்டே போனார். 27-வது மூவில் அது ராணியாகி 'செக்' வைத்தது.

மறைக்க மந்திரியை வைக்கலாம், குதிரையையும் வைக்கலாம். மந்திரியை வைத்திருந்தால், புது ராணியைப் பலி கொடுத்துத்தான் கார்ல்சன் தப்பியிருக்க முடியும். ஆட்டம் கிட்டத்தட்ட சமம். ஆனந்த் எடுத்தது குதிரையை! யானை வரவேண்டிய கட்டத்தைப் புது ராணி பார்க்க முடியாதபடி அதுவரை கதவு மாதிரி மறைச்சு நின்னதே அந்தக் குதிரைதான். கதவு திறந்தது. ராணி ஒரே மூவில் அந்த வழியில் வந்து நின்றது. ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாள் 10-வது ஆட்டம் டிரா. 6.5-3.5. சின்ன வயசுல ஆழ்வார்பேட்டை தால் கிளப்பில் ஆடிப் பழகிய சொந்த ஊரிலேயே பட்டம் போச்சு.

அப்புறம்? 'ஆனந்த் அவ்ளோதான்'னு பேசினாங்க. நாலே மாசத்தில், 2014 மார்ச்சில் கேண்டிடேட்ஸ் போட்டியை ஜெயிச்சு, நவம்பரில் ரஷ்யாவின் சோச்சியில் மறுபடியும் கார்ல்சன் எதிரில் உட்கார்ந்தார். அதிலும் தோல்விதான். ஆனா, உட்கார்ந்தாரே!

இன்னொரு விஷயம். 2013-ல் அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே பார்வையாளரா இருந்தவர்களில் ஏழு வயசு குகேஷும் ஒருத்தர். 2024 டிசம்பரில், 18 வயசில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார்.

அரியர் லிஸ்ட்டைப் பார்த்து சோர்ந்துபோயிருக்கீங்களா? காய்களை மறுபடி அடுக்குங்க!